பல்லாவரம் வெள்ளிச் சந்தை: பாவித்த பொருள் வியாபாரம் கற்றுத்தரும் பாடங்கள்



திருகோணமலையிலிருந்து சென்னைக்குச் சரக்கெடுக்கப் போய் வருபவர்கள் நம்மில் பலர். மண்ணடி, பர்மா பஜார், சவுகார்பேட்டை, தியாகராய நகர் என்று நான்கு இடம் சுற்றி, பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி விடுவோம். இவை எல்லாம் புதுச் சரக்கு விற்கும் இடங்கள். ஆனால் சென்னை விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் திருசூலம் ரயில் நிலையத்தில் ஏறி, தாம்பரம் பக்கமாக அடுத்த நிலையத்தில் இறங்கினால், வெள்ளிக்கிழமைகளில் வேறோர் உலகம் விரிந்து கிடக்கின்றது. அதுதான் பல்லாவரம் சந்தை. பழைய டிரங்க் வீதியில் ஒரு கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்துக்கு, வெயிலில், தார்ப்பாய் விரித்து, மனிதன் பாவித்துக் கழித்த அத்தனை பொருளையும் அங்கே விற்கிறார்கள்.

அந்தச் சந்தையில் ஒரு வெள்ளிக்கிழமை முழுவதும் நின்று பார்த்தேன். வேடிக்கை பார்க்கப் போகவில்லை. கடந்த சில ஆண்டுகளாக நமது பகுதியில் நடந்துவரும் ஒரு மாற்றம் என்னை அங்கே அனுப்பியது. 2022 இல் நாட்டின் பொருளாதாரம் சரிந்தது நினைவிருக்கும். அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. சுமார் 200 ரூபாவுக்கு நின்ற டொலர் 360 ரூபாவுக்குப் போனது. இறக்குமதிகள் பல நிறுத்தப்பட்டன. அன்று தொட்டு நமது வாடிக்கையாளர் கேட்கும் கேள்வியே மாறிவிட்டது. முன்பு “புதுசா என்ன வந்திருக்கு?” என்று கேட்டவர்கள், “பாவிச்சது ஏதும் நல்லதா இருக்கா?” என்று கேட்கத் தொடங்கினார்கள். விலைவாசி பின்னர் அடங்கிவிட்டது. ஆனாலும் அந்தக் கேள்வி அடங்கவில்லை.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நமது கடைத்தெரு ஆயத்தமாக இருக்கின்றதா? இந்த வியாபாரத்தைக் கௌரவமாகவும், ஹலாலாகவும், நட்டமின்றியும் செய்ய முடியுமா? இக்கேள்விகளுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சந்தையின் பின்னணி

பல்லாவரம் சந்தை ஆங்கிலேயர் காலத்தில் மாட்டுச் சந்தையாக ஆரம்பித்தது என்று அங்குள்ளவர்கள் கூறுகின்றனர். மாடு போய்விட்டது, கிழமை மட்டும் நிலைத்துவிட்டது. இன்று காய்கறி, கருவாடு, மரக்கன்று, புறா, கோழி ஆகியவற்றோடு பழைய சாமான்களே அதன் பேர்போன சரக்கு. கதிரை, கட்டில், தையல் இயந்திரம், துளையிடும் கருவி, ஸ்பேனர், கணினித் தட்டச்சுப் பலகை, தொலைக்காட்சியின் உட்பலகை, சார்ஜர் வயர், உடற்பயிற்சிச் சைக்கிள், கிராமபோன், செல்லாத நாணயம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். 1863 ஆம் ஆண்டு ரொபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர், கற்கால மனிதன் பாவித்த கைக்கோடரி ஒன்றை இதே பல்லாவரத்தில்தான் கண்டெடுத்தார். இந்தியாவின் கற்கால ஆராய்ச்சி அதிலிருந்து தொடங்கியது என்பார்கள். பாவித்த பொருளுக்கும் பெறுமதி உண்டு என்பதை அந்த மண் முன்பே நிரூபித்துவிட்டது!

சென்னையில் இதற்கு முன்னோடி மூர் மார்க்கெட். மாநகராட்சித் தலைவராக இருந்த ஜோர்ஜ் மூர் 1898 இல் அதற்கு அடிக்கல் நாட்டினார். பழைய புத்தகத்துக்கும் இசைத்தட்டுக்கும் பெயர் பெற்ற அந்தக் கட்டடம் 1985 மே 30 ஆம் திகதி தீயில் எரிந்து போனது. பம்பாயில் மட்டன் வீதியை ஒட்டிய சோர் பஜார் வெள்ளிக்கிழமைகளில் விசேஷமாகக் கூடுகின்றது. இலண்டனில் பெர்மொண்ட்சிப் பழம்பொருள் சந்தையும் வெள்ளிக்கிழமை விடியற்காலையில்தான். நமது நாட்டிலும் இந்தத் தொழில் புதிதல்ல. பாவித்த வாகன உதிரிப்பாகம் வேண்டுமென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தை என்று எல்லோருக்கும் தெரியும். வாரச் சந்தை முறையும் ஊருக்கு ஊர் உண்டு.

முதலாம் பாடம்: ஒரு நாளில் கூட்டம், ஒரு வரிசையில் போட்டி

நிரந்தரக் கடை ஏழு நாளும் திறந்திருக்கின்றது. வாடகை, மின்சாரம், சம்பளம் ஏழு நாளும் ஓடுகின்றன. ஆனால் பழைய தையல் இயந்திரத்தின் ஒரு சிறு பாகத்தைத் தேடி ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள்? ஒருவர் வரலாம், வராமலும் விடலாம். வாரத்துக்கு ஒரு நாள் சந்தை கூடும்போது ஏழு நாள் தேவையும் ஒரே நாளில் வந்து குவிகின்றது. மெல்லிய தேவையுள்ள சரக்குக்கு வாரச் சந்தையே பொருத்தம் என்பதன் காரணம் இதுதான். வியாபாரியும் மற்ற ஆறு நாட்களைச் சரக்குச் சேகரிக்கவும், திருத்தவும், வேறு ஊர்ச் சந்தைக்குப் போகவும் பயன்படுத்துகிறார்.

அடுத்ததாக, ஒரே சரக்கு விற்பவர்கள் அங்கே அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். ரிமோட் விற்பவர் பக்கத்தில் இன்னொரு ரிமோட் வியாபாரி, அவருக்கு அடுத்து சார்ஜர் விற்பவர். “போட்டிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்தால் என் வியாபாரம் கெடாதா?” என்று நம்மவர்கள் கேட்பார்கள். கெடுவதில்லை. “அங்கே போனால் எப்படியும் கிடைக்கும்” என்ற நம்பிக்கை வாங்குபவருக்கு வந்துவிட்டால் அவர் தூரத்தைப் பார்க்க மாட்டார். பஞ்சிகாவத்தைக்குத் திருகோணமலையிலிருந்தே ஆள் போகின்றதே! தனித்த ஒரு கடைக்காக அவ்வளவு தூரம் யாரும் பஸ் ஏறுவதில்லை.

இரண்டாம் பாடம்: முதல் என்பது கண்ணும் கையும்

ரிமோட் குவியல் ஒன்றின் முன் நின்று கொண்டிருந்தேன். ஆயிரக்கணக்கில் கிடந்தன. ஒருவர் வந்து தனது தொலைக்காட்சியின் பெயரையும் வாங்கிய காலத்தையும் சொன்னார். வியாபாரி குவியலுக்குள் கைவிட்டு மூன்றாவது தடவையில் சரியானதை எடுத்துக் கொடுத்தார். அந்தக் குவியல் அவருக்குப் பழைய பிளாஸ்டிக்காக, கிலோக் கணக்கில் வந்த சரக்கு. கிலோவை எண்ணிக்கையாக மாற்றியது அவருடைய அறிவு. இலாபம் முழுவதும் அந்த அறிவுக்கான கூலிதான்.

ஆகவே இத்தொழிலுக்கு வர நினைப்பவர் “எவ்வளவு பணம் வேண்டும்?” என்று முதலில் கேட்கக் கூடாது. “எந்தச் சரக்கின் உள்ளும் புறமும் எனக்குத் தெரியும்?” என்பதே முதற் கேள்வி. மின்விசிறி தெரிந்தவர் மின்விசிறியில் நிற்கட்டும். மரம் தெரிந்தவர் தளபாடத்தில் நிற்கட்டும். எல்லாவற்றிலும் கை வைப்பவர் எல்லாவற்றிலும் ஏமாறுவார்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது உதாரணக் கணக்கு, உங்கள் ஊர் விலையை நீங்கள் இட்டுக்கொள்ளுங்கள்.

20 பழைய மின்விசிறிகளை ஒன்று 1,200 ரூபா வீதம் வாங்குகிறீர்கள்: 24,000 ரூபா. அவற்றில் 4 திருத்த முடியாதவை. அவற்றைக் கழற்றி, பாகமாகவும் செம்பாகவும் விற்றால் ஒன்றுக்கு 300 ரூபா வீதம் 1,200 ரூபா திரும்பி வரும். மீதி 16 க்கு கெபாசிட்டர், புஷ், வயர் என்று சராசரி 600 ரூபா வீதம் 9,600 ரூபா செலவு. லொறிக்கும் சந்தை இடத்துக்கும் 3,000 ரூபா. மொத்தச் செலவு 36,600 ரூபா. திரும்பி வந்த 1,200 ஐக் கழித்தால் 35,400 ரூபா. 16 ஆல் பிரித்தால் ஒரு மின்விசிறியின் உண்மையான அடக்கவிலை 2,212 ரூபா 50 சதம்.

கவனியுங்கள்: நீங்கள் கொடுத்தது 1,200, அடக்கவிலையோ 2,200 க்கு மேல். “1,200 க்கு எடுத்தது, 2,000 க்குக் கொடுத்தால் 800 இலாபம்” என்று மனக்கணக்குப் போடுபவர் ஒவ்வொரு விற்பனையிலும் 200 ரூபாவுக்கு மேல் நட்டப்படுகிறார். அதை அவர் அறிவதும் இல்லை. இத்தொழிலில் கை சுட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, 12 மின்விசிறிகள் 3,500 ரூபா வீதம் போகின்றன: 42,000 ரூபா. மாலையில் மீதி 4 ஐ 2,500 க்குத் தள்ளிவிடுகிறீர்கள்: 10,000 ரூபா. வரவு 52,000, மிச்சம் 16,600 ரூபா. இதில் உங்கள் மூன்று நாள் திருத்தக் கூலி இன்னும் சேரவில்லை. நாளுக்கு 3,000 என்று வைத்தால் 9,000 போய், தொழிலின் இலாபம் 7,600 ரூபா.

இப்போது, வாங்கும்போதே நன்றாகப் பார்த்து, பழுதானவை 4 இல்லாமல் 2 மட்டும் என்று ஆக்கிக்கொண்டால்? கூடுதலாக இரண்டு மின்விசிறி 3,000 வீதம் விற்று 6,000 வரும். அவற்றின் திருத்தச் செலவு 1,200, கிடைக்காமல் போகும் கழிவுப் பணம் 600. மிச்சம் 4,200 ரூபா அதிகம். வாங்கும் இடத்தில் கூடுதலாகச் செலவிட்ட பத்து நிமிடத்துக்கு இது நல்ல சம்பளம் அல்லவா?

மூன்றாம் பாடம்: குறையைச் சொல்பவன் கூட விற்பான்

சந்தையில் பழைய மின்சாரச் சாமான் விற்ற இருவரை நீண்ட நேரம் பார்த்தேன். ஒருவரிடம் சரக்கு அதிகம், சோதித்துக் காட்ட வழியில்லை. “எல்லாம் வேலை செய்யும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மற்றவர் ஒரு கார் பற்றரியும் ஒரு இன்வேர்ட்டரும் வைத்திருந்தார். கேட்ட பொருளை ஓடவிட்டுக் காட்டினார். ஓடாதவற்றைத் தனியே ஒரு சாக்கில் போட்டு, “இது பாகத்துக்கு மட்டும்” என்றார். முதலாமவரை விட இவர் விலை கூட. ஆனால் ஆட்கள் இவரிடமே நின்றார்கள்.

இதைப் பொருளியலில் நிறுவிக் காட்டியவர் ஜோர்ஜ் அகெர்லோஃப் என்ற அமெரிக்கப் பேராசிரியர். 1970 இல் பாவித்த கார்ச் சந்தையை உதாரணமாக வைத்து அவர் எழுதிய ஆய்வுக்காக 2001 இல் வேறு இருவருடன் நோபல் பரிசு பெற்றார். அவர் கருத்து எளியது. விற்பவருக்குக் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் எல்லாப் பொருளையும் சந்தேகித்து விலையைக் குறைத்துக் கேட்பார். அந்த விலைக்கு நல்ல பொருள் வைத்திருப்பவர் விற்க மாட்டார், சந்தையை விட்டுப் போவார். மிஞ்சுவது பழுதான சரக்கு. அதைக் கண்டு வாங்குபவரும் விலகுவார். இப்படி ஒரு சந்தையே செத்துப் போகலாம். பொய் சொல்பவர் ஒரு வாடிக்கையாளரை ஏமாற்றுவதோடு, பக்கத்துக் கடைக்காரரின் சோற்றிலும் மண் போடுகிறார்.

நமக்கு இது புதிய செய்தியல்ல. மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் தட்டிய சம்பவத்தை அறியாதவர் நம்மில் யார்? மழையில் நனைந்தது என்று வியாபாரி காரணம் சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டும் என்பதே அவருக்குக் கிடைத்த பாடம். நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்று தடுக்கப்படவில்லை. மறைக்கக் கூடாது என்றே தடுக்கப்பட்டது. பாவித்த பொருள் வியாபாரத்துக்கு இதைவிடத் தெளிவான சட்டம் தேவையில்லை.

நனைந்த சரக்கு என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நமது நாட்டில் 2025 நவம்பரில் டித்வா சூறாவளி வந்தது. வெள்ளத்தில் மூழ்கிய குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் மோட்டாரும் காய்ந்த பின் துடைத்து வைத்தால் புதுசு போலத் தெரியும். ஓடவும் செய்யும். ஆனால் உள்ளே துரு ஊறிக்கொண்டிருக்கும், மின்கசிவு ஏற்பட்டால் உயிரே போகலாம். திருகின் தலைப்பில் துரு, அடிப்பாகத்து மூலையில் வண்டல், வயர் இணைப்பில் பச்சைப் படிவு ஆகிய மூன்றையும் வாங்கும்போது பாருங்கள். அத்தகைய பொருளைத் திருத்தி விற்றால் “வெள்ளம் பட்டது” என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். எழுத முடியாத பொருளை விற்க வேண்டாம்.

நான்காம் பாடம்: இது யாருடைய பொருள்?

இத்தொழிலின் மிகப் பெரிய ஆபத்து இதுவே. இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாக ஒரு விசித்திரச் சட்டம் இருந்தது. பெர்மொண்ட்சி போன்ற அங்கீகாரம் பெற்ற திறந்த சந்தையில், சூரியன் உதித்து மறைவதற்கு இடையில், நல்லெண்ணத்துடன் வாங்கப்பட்ட பொருள் திருட்டுப் பொருளானாலும் வாங்கியவருக்கே சொந்தமாகும். 1994 இல் பாராளுமன்றம் அதை நீக்க, 1995 ஜனவரியுடன் அது முடிவுக்கு வந்தது.

நமது நாட்டில் “சந்தையில்தானே வாங்கினேன்” என்பது காப்பாற்றாது. திருடனுக்கு உரிமை இல்லை, ஆகவே அவனிடம் வாங்கியவருக்கும் உரிமை வராது. சொந்தக்காரர் வந்தால் பொருளைக் கொடுக்க வேண்டும். கொடுத்த பணம் போனது போனதுதான். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, தெரிந்திருக்கக் காரணம் இருந்தோ வாங்கினால் அது தண்டனைச் சட்டக்கோவையின் கீழ்க் குற்றமும் ஆகும். துறைமுக நகரத்தில் வாழும் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். துறைமுகம், கடற்படை, ரயில் பாதை, மின்சார சபை ஆகியவற்றின் செம்புக் கம்பியோ இரும்போ கடைக்கு வந்தால் அது 1982 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பொதுச் சொத்துக்கள் சட்டத்துக்குள் போய்விடும். அதில் பிணை எடுப்பதே பெரும்பாடு. அரை விலைக்கு வரும் செம்பு ஒரு குடும்பத்தையே வீதிக்குக் கொண்டுவரும்.

தற்காப்புக்கு நான்கு நடைமுறைகள்:

1. வாங்குபுத்தகம் ஒன்று வையுங்கள். திகதி, பொருள், தொடர் இலக்கம், கொண்டுவந்தவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம். கையொப்பமிட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

2. கைத்தொலைபேசி என்றால் நட்சத்திரக் குறி, ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் வரும். அதனைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1909 என்ற இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பிச் சரிபார்க்கலாம். முந்தியவரின் கணக்கு நீக்கப்படாத தொலைபேசியை வாங்கவே வேண்டாம்.

3. சிறுவர்களிடம் எதையும் வாங்காதீர்கள்.

4. விலை காரணமின்றி மிகக் குறைவாக இருந்தால் காரணத்தைக் கேளுங்கள். பதில் தடுமாறினால் விட்டுவிடுங்கள்.

பழம்பொருளிலும் எச்சரிக்கை தேவை. பல்லாவரத்தில் பழைய நாணயம், பித்தளைச் சிலை, ஓலைச்சுவடி என்று கண்ணில் படும். இந்தியாவின் 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த தொல்பொருட்களையும் 75 ஆண்டு கடந்த சுவடிகளையும் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. இலங்கையிலும் 1940 ஆம் ஆண்டிலிருந்து தொல்பொருள் கட்டளைச் சட்டம் உண்டு. கன்று, விதை, புறா போன்றவற்றுக்குத் தனிமைப்படுத்தல் விதிகள் உள்ளன. மற்றச் சாமான்களைக் கொண்டுவருவதானாலும் சுங்கத்திடமும் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்திடமும் முன்கூட்டியே கேளுங்கள். மின்சாரம் இரு நாட்டிலும் 230 வோல்ட் என்பதால் இந்தியச் சாமான் ஓடும். ஆனால் நமது தரம் 13 அம்பியர் சதுரக்கால் பிளக். ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சாமான் 100 வோல்ட்டில் ஓடுவது, நேரே செருகினால் எரிந்துவிடும். விற்கும்போது இதைச் சொல்வதும் நமது கடமை.

ஐந்தாம் பாடம்: பேரத்தில் அடக்கம், மாலையில் துணிவு

பல்லாவரத்தில் பேரம் இல்லாமல் எதுவும் நடப்பதில்லை. ஆயினும் அதிலும் ஓர் ஒழுங்கு இருக்கின்றது. ஒருவர் துளையிடும் கருவியைக் கையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் நின்றவருக்கும் அதில் ஆசை. ஆனால் முன்னவர் கீழே வைக்கும் வரை அவர் வாய் திறக்கவில்லை. ஒருவரின் பேரத்துக்குள் இன்னொருவர் புகக் கூடாது என்று நாம் மார்க்கத்தில் படித்ததை அங்கே நடைமுறையில் கண்டேன். இதற்கு எதிரான காட்சியும் உண்டு. வாங்குபவர் போல ஆள் நிறுத்தி விலையை ஏற்றுவது எல்லாப் பெருஞ்சந்தைகளிலும் நடக்கும் வித்தை. நமது சந்தையில் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

காலையில் நல்ல சரக்கு, மாலையில் நல்ல விலை. வியாபாரிகளும் பழைய சாமான் கடைக்காரர்களும் விடியலிலேயே வந்து பொறுக்கி எடுத்துவிடுகிறார்கள். வெயில் சாயும்போது விலையும் சாய்கின்றது. திரும்பக் கொண்டுபோக லொறிக்கூலி, வைக்க இடம், அடுத்த வாரம் வரை முடங்கும் பணம் ஆகியவற்றை வியாபாரி மனதில் கூட்டிப் பார்க்கிறார், அடக்கவிலைக்குக் கிட்டவாகவே கொடுத்துவிடுகிறார். நம்மவர்களோ போன பெருநாளுக்கு எடுத்த சரக்கை “முதல் வந்தால்தான் கொடுப்பேன்” என்று இந்தப் பெருநாள் வரை தூசு தட்டிக்கொண்டிருப்போம். முடங்கிய சரக்கு முதல் அல்ல, பாரம்.

அன்று நண்பகல் ஜும்ஆவுக்கு நேரமானதும் முஸ்லிம் வியாபாரிகள் சிலர் சரக்கின் மேல் துணியைப் போர்த்திவிட்டு, பக்கத்தில் இருந்த பிற சமய வியாபாரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது பக்கத்துக்காரர் விற்றுவைத்த பணத்தை எண்ணிக் கொடுத்ததையும் கண்டேன். மூவின மக்கள் வாழும் நமது மாவட்டத்தில் ஒரு சந்தை நிலைக்க வேண்டுமானால், இந்த அயல் நம்பிக்கையே அதன் முதல் அத்திவாரம்.

திருகோணமலைக்கு எது பொருந்தும்?

சென்னை மாநகரத்தின் சனத்தொகை நமக்கில்லை. அங்கே போல வாரந்தோறும் ஒரு கிலோமீற்றர் சந்தை இங்கே கூடாது. ஆனால் மாதம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, ஒரு சிறு மைதானத்தில் முப்பது நாற்பது வியாபாரிகளோடு ஆரம்பிக்க முடியும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் படகுப்பாதைக்குக் காத்திருக்கும் கஷ்டம் போய்விட்டது. கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், கந்தளாய், நிலாவெளி எல்லாம் ஒரே நாளில் வந்து போகும் தூரம்தான்.

நமக்கென்று இரண்டு சரக்கு இருக்கின்றது. ஒன்று கடல் சரக்கு. பாவித்த படகு எஞ்சின், அதன் பாகம், கயிறு, மிதவை, நங்கூரம், வலைத்துண்டு, ஐஸ் பெட்டி. தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரை மீனவர்கள் தொழிலுக்காக நமது கரைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு அவசரத்துக்குப் பாகம் வேண்டும். மற்றது விடுதிச் சரக்கு. உப்புவெளி, நிலாவெளி விடுதிகளின் பருவம் ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை. பருவம் தொடங்குமுன் அவை கட்டில், மெத்தை, மின்விசிறி, குளிரூட்டி என்று மாற்றுகின்றன. கழிப்பதை மொத்தமாக எடுக்க முன்கூட்டியே பேசி வைக்கலாம்.

காலமும் இதற்கு ஒத்துவருகின்றது. நமக்கு மழை வடகீழ்ப் பருவக்காற்றில், பெரும்பாலும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. மீனவரும் உல்லாசப் பயணியும் வரும் மாதங்களோ வறண்டவை. ஆகவே மார்ச் முதல் செப்டம்பர் வரை ஏழு சந்தைகள், மழை மாதங்களில் திருத்த வேலை என்று ஆண்டைப் பிரித்துக்கொள்ளலாம்.

ஆனால் வீதியோரத்தை நம்பி ஆரம்பிக்கக் கூடாது. டில்லி தரியாகஞ்சில் பல பத்தாண்டுகளாக நடைபாதையில் நடந்த ஞாயிறு புத்தகச் சந்தை, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்ற வழக்கில் 2019 இல் அகற்றப்பட்டு, பின்னர் மதில் சூழ்ந்த ஒரு வளவுக்குள் இடம் மாறியது. பெயர் பெற்ற சந்தைக்கே அந்தக் கதி என்றால் புதியதற்குச் சொல்லவும் வேண்டுமா? உள்ளூராட்சி மன்றத்தின் எழுத்து மூல அனுமதி, வாகனம் நிறுத்த இடம், குப்பை அகற்றும் ஏற்பாடு, தீயணைப்பு வாளி ஆகிய நான்கும் முதல் நாளே இருக்க வேண்டும். மூர் மார்க்கெட் எரிந்த கதையை மறக்க வேண்டாம்.

சந்தைக்கென்று நான்கு விதிகளைப் பலகையில் எழுதி வைக்கலாம். ஓடும் பொருளுக்குப் பச்சைச் சீட்டு, குறையுள்ளதற்கு மஞ்சள் சீட்டு, பாகத்துக்கு மட்டும் என்றால் சிவப்புச் சீட்டு. சோதித்துப் பார்க்கப் பொதுவான ஒரு மின்மேசை. பச்சைச் சீட்டுப் பொருளுக்கு ஏழு நாள் மாற்று உத்தரவாதம், கடைக்காரரின் பெயர் போட்ட பற்றுச்சீட்டுடன். வாங்குபுத்தகம் இல்லாதவருக்கு இடமில்லை. இந்த நான்கும் இருந்தால் அகெர்லோஃப் சொன்ன வியாதி நமது சந்தைக்கு வராது.

உங்கள் பங்குக்கு

இந்த வாரம் ஒவ்வொரு வாசகரும் மூன்று வேலை செய்து பாருங்கள்.

ஒன்று: உங்கள் கடையில் ஆறு மாதத்துக்கு மேல் அசையாமல் இருக்கும் சரக்கை ஒரு தாளில் எழுதி, அதில் முடங்கியிருக்கும் பணத்தைக் கூட்டுங்கள்.

இரண்டு: உங்களுக்கு உள்ளும் புறமும் தெரிந்த ஒரேயொரு பாவித்த பொருளைத் தெரிவுசெய்து, மேலே உள்ள மின்விசிறிக் கணக்கைப் போல அதன் உண்மையான அடக்கவிலையைக் கணக்கிடுங்கள். திருத்த முடியாமல் போகும் பங்கையும் உங்கள் கூலியையும் விட்டுவிடாதீர்கள்.

மூன்று: உங்கள் ஊர் வர்த்தக சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இந்தச் சந்தை யோசனையை ஒரு விடயமாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

பழைய பொருள் விற்பது தாழ்ந்த தொழில் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் இருக்கின்றது. 1960 களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் இழந்து வந்த மக்கள் சென்னைக் கடற்கரை நிலையத்துக்கு எதிரே சிறு பெட்டிக்கடைகள் போட்டபோதும் பலர் ஏளனமாகவே பார்த்தார்கள். அந்த பர்மா பஜாரில்தான் பிற்காலத்தில் நாமே வரிசையில் நின்று சரக்கெடுத்தோம். வீட்டில் ஒரு மின்விசிறி இல்லாமல் பிள்ளை வியர்வையில் படிக்கும் குடும்பத்துக்கு, 3,500 ரூபாவுக்கு நம்பிக்கையான ஒன்றைக் கொடுக்கும் வியாபாரி எந்த வகையிலும் தாழ்ந்தவர் அல்லர். குறையைச் சொல்லி, சீட்டு எழுதி, நியாயமான விலைக்குக் கொடுத்தால் அதில் இலாபமும் உண்டு, பரக்கத்தும் உண்டு.